‘எனக்கு எப்பம்மா புதுநன்மை?’

மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊர், பேர் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். (புதுநன்மை என்பது கத்தோலிக்கப் பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு.)

“அன்புள்ள டீச்சர், என் மகள் எங்கள் ஊர் ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் இந்துக்கள். என் கணவரும் சின்ன வயதில் அதே பள்ளியில் படித்தவர்தான். போன மாதம் திருநீற்றுப் புதன் அன்று எல்லாப் பிள்ளைகளையும் பக்கத்தில் இருக்கும் மாதா கோயிலுக்கு வரிசையாகக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மகள் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் இருந்த என் மாமியார் முந்தானையை நனைத்து, தெருவே பார்க்க அழுத்தித் துடைத்துவிட்டார். ‘நம்ம சாமி உனக்குப் பத்தலையா’ என்று சத்தம் வேறு. அன்றிலிருந்து மகள் அப்பத்தாவோடு படுப்பதில்லை. இதற்கு நடுவில் அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் மே மாதம் புதுநன்மை வாங்கப் போகிறார்களாம். வெள்ளைக் கவுன், கிரீடம், மெழுகுவர்த்தி என்று ஓயாமல் அதே பேச்சு. ‘எனக்கு எப்பம்மா புதுநன்மை?’ என்று தினமும் கேட்கிறாள். சாப்பிடும் முன் சிலுவை போடுகிறாள். மாமியார் டி.சி. வாங்கச் சொல்கிறார். கணவரோ, ‘படிப்பு நல்லா இருக்கு, விடு’ என்கிறார். பள்ளியில் மதம் மாற்றப் பார்க்கிறார்களா? நான் என்ன செய்வது?”

அன்புச் சகோதரி,

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் கத்தோலிக்கப் பெண். மதுரை வட்டாரத்தில் அரசு உதவி பெறும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். இவர் பள்ளிப் பக்கம்தான் சாய்வார் என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் ‘அப்பத்தாவோடு படுப்பதில்லை’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்தாள்? டீச்சர் சொன்னபடி வரிசையில் நின்றாள். கை கூப்பினாள், பேசாமல் இருந்தாள். பள்ளியில் அதற்குப் பெயர் நல்ல பிள்ளை. அதே நெற்றியோடு வீட்டுக்கு வந்தபோது அடி விழாத குறை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்து, கிறிஸ்தவம் என்ற வழக்கெல்லாம் தெரியாது. தான் எங்கே தப்பு செய்தோம் என்பது மட்டும் புரியவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று இரவே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “நீ ஒரு தப்பும் பண்ணலை கண்ணு. பெரியவங்க எங்களைக் கேக்காம செஞ்சுட்டாங்களேன்னுதான் அப்பத்தாவுக்குக் கோவம். உன் மேல இல்லை.” இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அவள் காதில் ஏறாது.

இனி அந்தச் சாம்பல். போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலைகளை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்போம். தவக்காலம் வரும்போது அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்போம். அதை எரித்த சாம்பல்தான் அது. மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே போவோம் என்று நினைவூட்டி, ஃபாதர் கட்டைவிரலால் நெற்றியில் கீறிவிடுவார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு அன்றுதான் ஆரம்பம். அதைப் பூசிக்கொள்வதால் யாரும் கிறிஸ்தவர் ஆகிவிட முடியாது. கிறிஸ்தவர் ஆக்குவது திருமுழுக்கு ஒன்றுதான், ஞானஸ்நானம் என்று சொல்வோமே அது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கத் தனியாகத் தயாரிப்பு வேண்டும், உங்கள் சம்மதம் வேண்டும். போகிற போக்கில் நடந்துவிடுகிற காரியம் இல்லை. புதுநன்மையும் அப்படித்தான், திருமுழுக்குப் பெறாத பிள்ளைக்கு எந்த ஃபாதரும் கொடுக்க மாட்டார். இந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரும் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அவர் வீட்டில் மூன்று விரலால் பூசிவிடுவதும் சாம்பல்தான். சாணத்தைச் சுட்ட சாம்பல். இந்த உடம்பு ஒருநாள் இப்படித்தான் ஆகும் என்று சொல்கிற சாம்பல். நாங்கள் அந்தப் புதனுக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: திருநீற்றுப் புதன். கிராமத்தில் பழைய ஆட்கள் இன்றைக்கும் விபூதிப் புதன் என்றுதான் சொல்வார்கள். நெற்றியில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பது இந்த ஊரில் நாலு நூற்றாண்டு பழைய வழக்கு. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நோபிலி, தத்துவ போதகர் என்று பேர் வைத்துக்கொண்டு, காவி கட்டி, மரக்கறி உண்டு, குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவத்துக்கு விரோதம் இல்லை என்று வாதாடினார். 1623-இல் ரோமிலிருந்து பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றுக்கு அனுமதி கொடுத்தார். பிறகு 1704-இல் பாப்பரசரின் தூதர் புதுச்சேரியில் போட்ட உத்தரவு ஒன்று, கிறிஸ்தவர்கள் இந்துக்களைப் போல விபூதி பூசக் கூடாது என்றது. அவ்வளவு பெரிய ஆட்களே நூறு வருடம் தர்க்கம் செய்த விஷயம், நனைத்த முந்தானையில் தீர்ந்துவிடாது.

சரி, சாம்பலால் மதம் மாறாது என்பதனால் பள்ளி செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. தப்பு என்றே சொல்கிறேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். தலைமையாசிரியையான முதல் வருடம், நானும் இதே போல எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒருத்தரை விட்டுவிட்டால் மனம் நோகும், எல்லாரும் வரட்டும் என்ற நினைப்பு. மறுநாள் காலை மணி அடிக்கும் முன் ஒருவர் வாசலில் நின்றார். ஊர்க் கருப்பசாமி கோயில் பூசாரி. அவர் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “டீச்சர், உங்க மகளை நான் எங்க கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி நெத்தியில பூசிவிட்டா, முன்னாடி உங்களைக் கேக்கணும்ல?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் டி.சி. கேட்கவில்லை, புகார் எழுதவில்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வருடம் ஜூன் மாதத்திலிருந்து, சேர்க்கையின்போதே ஒரு தாள் கொடுக்க ஆரம்பித்தேன். கோயிலுக்கு, திருப்பலிக்கு (பூசைக்கு), செபமாலைக்கு உங்கள் பிள்ளை வரலாமா, பார்க்க மட்டும் வரலாமா, வேண்டாமா. பெரும்பாலான பெற்றோர் வரட்டும் என்றுதான் எழுதினார்கள். பூசாரி ‘பார்க்க மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதிலும் ஒரு பிழை செய்தேன். ‘வேண்டாம்’ என்று எழுதிய மூன்று பிள்ளைகளை முதல் தடவை வகுப்பறையில் சும்மா உட்கார வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அதில் ஒரு பெண் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருக்கிறாள். “நான் என்ன டீச்சர் தப்பு பண்ணேன்?” உங்கள் மகள் கேட்காமல் கேட்பதும் இதே கேள்விதான். அப்புறம் அந்த நேரத்தில் ஒரு டீச்சர் அவர்களோடு வேப்பமரத்தடியில் கதை சொல்ல உட்கார்ந்தார். கோயிலுக்குப் போன பிள்ளைகள் அந்தக் கதையை எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்கும் அளவுக்குப் போனது.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி பள்ளி நடத்த அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு உரிமை தருகிறது. மாதா படமும் காலை செபமும் அங்கே இருப்பதில் குற்றம் இல்லை. அதே சட்டத்தின் 28(3), அரசு அங்கீகாரம் அல்லது உதவி பெறும் பள்ளியில் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ ஒரு பிள்ளை வந்தாக வேண்டும் என்று சொல்ல, பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது. எங்கள் திருச்சபையும் இதையே சொல்கிறது. பெற்றோரின் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாத பாடத்தில் பிள்ளையை வற்புறுத்தி உட்கார வைப்பது அவர்களின் உரிமையை மீறுவது என்று 1965-இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024-இல் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலிலும், கிறிஸ்தவ வழக்கங்களைப் பிற சமயப் பிள்ளைகள் மேல் திணிக்க வேண்டாம் என்று இருக்கிறது.

இதையெல்லாம் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டாம். மனத்தில் இருந்தால் போதும், குரல் நடுங்காது. தலைமையாசிரியை சிஸ்டரைத் தனியாகப் பார்க்க நேரம் கேளுங்கள். காலையில் மணி அடிக்கும் நேரத்தில் வேண்டாம், சாயந்திரம் பிள்ளைகள் போன பிறகு. கணவரையும் கூட்டிப்போங்கள், அந்தப் பள்ளியில் படித்தவர் என்பதால் அவருக்கு அங்கே ஒரு உரிமை உண்டு. நடந்ததைச் சொல்லிவிட்டு, ஒரு கடிதத்தையும் கொடுங்கள். நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: “எங்கள் மகள் இங்கே நன்றாகப் படிக்கிறாள், நன்றி. காலை செபத்தின்போது மற்றவர்களோடு அமைதியாக நிற்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கோயிலில் நடக்கும் வழிபாட்டுக்கு அழைத்துச் செல்வதானால் முன்கூட்டி எங்களிடம் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அவளைத் தனியே உட்கார வைக்காமல் வேறு பிள்ளைகளோடும் ஒரு ஆசிரியையோடும் இருக்கச் செய்ய வேண்டும்.” எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பது உங்கள் வீட்டு முடிவு, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர் கேட்காவிட்டால் தாளாளர் இருக்கிறார்; கிராமப் பள்ளி என்றால் அநேகமாகப் பங்குத்தந்தைதான் தாளாளர்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “நாளைக்கு டீச்சர்கிட்டச் சொல்லிரு, நான் கோயிலுக்கு வர மாட்டேன்னு” என்று மகளிடம் சொல்லி அனுப்பாதீர்கள். வகுப்பில் எழுந்து நின்று டீச்சரிடம் அதைச் சொல்ல அந்தச் சின்ன உடம்பு எவ்வளவு பயப்படும் என்று நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் பேச வேண்டியதைப் பிள்ளையின் புத்தகப் பையில் போட்டு அனுப்பக் கூடாது.

டி.சி. பற்றி: இப்போது வேண்டாம். ஆண்டுக் கடைசி, கூட்டாளிகள் அங்கே, பாடம் நன்றாக நடக்கிறது என்று அவள் அப்பாவே சொல்கிறார். இப்போது மாற்றினால், சாம்பல் பூசியதற்குத் தண்டனையாகப் பள்ளியை விட்டு எடுத்துவிட்டார்கள் என்றுதான் அவள் கணக்குப் போடுவாள். ஆனால் ஒன்று. யாராவது அவளிடம் “உங்க சாமி பேய்”, “உங்க அம்மா நரகத்துக்குப் போவாங்க” என்ற மாதிரி சொல்லியிருந்தால், அல்லது செபம் சொன்னால் பரிசு என்று ஆசை காட்டியிருந்தால், அன்றைக்கே போய்க் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அப்போது டி.சி. வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. அப்படி ஏதும் நடந்ததா என்று தெரிந்துகொள்ள அவளை நிறுத்தி வைத்து விசாரிக்காதீர்கள். தலை பின்னிவிடும்போது கேளுங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகள் நிறையச் சொல்வார்கள்.

சாப்பிடும் முன் சிலுவை போடுவதில் மலைக்க ஒன்றும் இல்லை. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலை 15 முதல் முதலமைச்சரின் காலை உணவு வந்துவிட்டது. காலையில் உப்புமாவோ பொங்கலோ, மதியம் சத்துணவு. இரண்டு வேளையும் தட்டுக்கு முன்னால் கை கூப்பிச் செபம் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார்கள். சோற்றைப் பார்த்தால் கை தானாக நெற்றிக்குப் போகிறது, அவ்வளவுதான். தடுத்துக் கையைத் தட்டிவிடாதீர்கள். “நம்ம வீட்டுல சாப்பிடும்போது நாம இப்படிச் சொல்லலாம்” என்று உங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சேர்ந்து சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

இப்போது புதுநன்மைக்கு வருகிறேன். மூன்றாவது, நாலாவது வகுப்பு எடுத்த டீச்சர்களுக்கு இந்தக் காய்ச்சல் பழக்கம். தவக்காலத்தில் ஆரம்பித்து மே வரை இருக்கும். முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதானால்தான் கொடுப்பார்கள். 1910-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், ஏழு வயதுவாக்கில் விவரம் தெரிந்தால் போதும் என்று மாற்றியதால், அந்தச் சடங்கு நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வயதுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் மகள் கண்ணில் படுவது கவுனும் கிரீடமும். கூட்டாளிகளுக்கு அதற்குப் பின்னால் பல மாதப் படிப்பு இருக்கிறது. ஞானோபதேச வகுப்பு, மந்திரம் மனப்பாடம், பத்துக் கட்டளை, அப்புறம் ஃபாதர் முன்னால் மண்டியிட்டு முதல் பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. எத்தனையோ பிள்ளைகளை நான் தயார் செய்திருக்கிறேன். அவர்களுக்குப் பெரிய கவலை, நற்கருணை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான். அப்பத்தைக் கடிக்கலாமா, கிரீடம் நழுவினால் பிடித்துக்கொள்ளலாமா என்று கடைசி நாள் வரை கேட்பார்கள். (இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கவுனுக்கும் பிரியாணி விருந்துக்கும் கடன் வாங்குகிற வீடுகளைப் பார்த்து எனக்கு மனம் வெதும்பியிருக்கிறது. சடங்கின் பொருள் அதில் இல்லை.)

“அதெல்லாம் நமக்கு இல்லை” என்று சொல்லி நிறுத்திவிட்டால், தனக்கு ஏதோ குறை என்று அவள் நினைப்பாள். உள்ளதைச் சொல்லுங்கள். “அது கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைங்களுக்குச் செய்யிறது கண்ணு. அவங்க கைக்குழந்தையா இருக்கும்போதே கோயில்ல தலையில தண்ணி ஊத்திப் பேர் வச்சாங்க. ஞானத்தாய், ஞானத்தகப்பன்னு ரெண்டு பேர் தூக்கி வச்சுக்கிட்டாங்க. இப்போ அதுக்கு அடுத்தது. உனக்கும் நம்ம வீட்டுல செஞ்சிருக்கோம், தெரியுமா?” அப்புறம் மொட்டை போட்ட, காது குத்திய போட்டோவை எடுங்கள். உங்கள் பக்கத்து ஆட்கள் என்றால் அழகர்கோயிலாக இருக்கலாம், குலதெய்வம் கோயிலாக இருக்கலாம். தாய்மாமன் மடியில் அவள் வாயைப் பிளந்து அழுகிறதையும், மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருக்கிறதையும் காட்டுங்கள். யார் யார் வந்தார்கள், மாமன் என்ன சீர் கொண்டுவந்தார், எல்லாம் சொல்லுங்கள். தன்னையும் நடுவில் உட்கார வைத்து ஊரே கூடி ஒரு நாள் கொண்டாடியிருக்கிறது என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த நாள் அந்தப் போட்டோவைப் பள்ளிக்கு எடுத்துப்போய்க் கூட்டாளிகளிடம் காட்டுகிறேன் என்று நிற்பாள். கொடுத்தனுப்புங்கள்.

பெரியவள் ஆனதும் அவள் மனம் எங்கே போகும் என்பது அவளோடு இருக்கட்டும். எட்டு வயதில் அவளுக்கு வேண்டியது கூட்டாளிகளோடு இருப்பது. அதற்குத் தடை இல்லை. உங்களுக்குச் சம்மதம் என்றால் அந்தத் திருப்பலிக்கு விருந்தாளியாகப் போகட்டும். நீங்களும் கூடப் போங்கள். நற்கருணைக்கு வரிசை எழும்போது நாம் இடத்திலேயே உட்கார்ந்திருப்போம் என்று முன்னாடியே சொல்லி வைத்துவிட்டால் அந்த நேரத்தில் தடுமாற மாட்டாள். அவளுக்கும் ஒரு புதுப் பாவாடை சட்டை எடுத்துவிடுங்கள், வெள்ளை வேண்டாம், அவளுக்குப் பிடித்த நிறத்தில்.

கடைசியாக உங்கள் மாமியார். அவரை இந்தக் கதையில் வில்லி ஆக்காதீர்கள். தன் மகனை அதே பள்ளிக்கு அனுப்பியவர் அவர். அந்தச் சாயந்திரம் அவருக்கு வலித்தது, பேத்தி விஷயத்தில் தன்னை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லையே என்பதாகத்தான் இருக்கும். ஆனால் தெருவில் வைத்துத் துடைத்தது பிள்ளைக்கு அவமானம், அதை அவரிடம் சொல்லியாக வேண்டும். அதை நீங்கள் சொன்னால் மாமியார், மருமகள் சண்டையாகப் போய்விடும். ‘விடு’ என்று சொன்ன உங்கள் கணவர்தான் தன் தாயிடம் பேச வேண்டும். “அம்மா, நாங்க பள்ளிக்கூடத்துல பேசிட்டோம், இனிமே நம்மளைக் கேக்காம கூட்டிட்டுப் போக மாட்டாங்க. பிள்ளை பயந்துபோய்க் கெடக்கு, நீ கூப்பிடு.” பள்ளியில் பேசிய பிறகு இதைச் சொன்னால்தான் எடுபடும்.

கூப்பிட்டுப் பேசுவதற்கு அவருக்கு ஒரு சாக்கும் கையில் இருக்கிறது. பாண்டியனின் வெப்புநோயைத் திருஞானசம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்த கதை இந்த மதுரையில் நடந்ததாகத்தான் சொல்வார்கள். அப்பத்தாவுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு ராத்திரி அதைச் சொல்லச் சொல்லுங்கள். நெற்றியில் சாம்பல் எதற்கு என்று பள்ளியில் கேட்டதை மகளும் அவருக்குச் சொல்லட்டும். அடுத்தாற்போல் சித்திரைத் திருவிழா வருகிறது. அப்பத்தாவும் பேத்தியும் சேர்ந்து அழகரைப் பார்க்கப் போகட்டும். வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் அழகர் தங்குகிற கதையும் அவர் வாயால் வரும். அந்தக் கூட்டாளிகள் இரண்டு பேரையும் கூட்டிப்போக உங்கள் மகள் ஆசைப்பட்டால், அவர்கள் வீட்டில் முதலில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மே மாதம் புதுநன்மை அழைப்பிதழ் வரும். மகள் கையில் கொடுத்தனுப்பாமல், நேரில் வந்து அப்பத்தா கையில் கொடுக்கும்படி அந்தக் கூட்டாளியின் அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். விருந்துக்குப் போவதும் போகாததும் அவர் இஷ்டம்.